இரண்டு கணினி, ஒரே கோப்புறை

ஒரே வீட்டிலுள்ள இரண்டு கணினிகளுக்கிடையே கோப்புகள் போய்வர மூன்று தேவை: தரவு செல்ல ஒரு வழி, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி, கோப்புறையைத் திறக்க ஓர் அனுமதி. இணையச் சந்தா தேவையில்லை. இணையம் துண்டிக்கப்பட்ட நேரத்திலும் இந்த இணைப்பு வேலை செய்யும்.

வழி

வீட்டில் ரூட்டர் இருந்தால் வழி ஏற்கெனவே தயார். அதன் வைஃபையில் சேர்ந்த மடிக்கணினியும், லேன் கேபிளால் சேர்ந்த மேசைக்கணினியும் பெரும்பாலும் ஒரே வலையமைப்பில்தான் இருக்கும். ரூட்டர் இல்லாவிட்டால் இரண்டையும் ஒரு லேன் கேபிளால் நேராக இணைக்கலாம். முன்பு இதற்கென்று கிராஸ் கேபிள் வாங்க வேண்டியிருந்தது. சாதாரணக் கேபிளில் ஒரு கணினியின் அனுப்பும் கம்பிகள் மற்றதன் அனுப்பும் கம்பிகளோடு சேர்ந்துவிடும் என்பதால், ஒரு முனையில் 1, 2 ஆகிய கம்பிகளை 3, 6 ஆகிய இடங்களுக்கு மாற்றிப் பொருத்தினார்கள். இன்றைய கிகாபிட் கார்டுகள் அந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றன. கடையில் கிடைக்கும் கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளே போதும். 100 மீட்டர் வரை இழுக்கலாம். இரு முனையும் ஏ வகையாக இருக்கும் சாதாரண யுஎஸ்பி கேபிளால் இணைக்கக் கூடாது. இரு கணினிகளின் மின்சாரமும் மோதி போர்ட் பழுதாகக்கூடும்.

கிகாபிட் இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் நகரும். 50 ஜிபி வீடியோ எட்டே நிமிடத்தில் போய்ச் சேரும். ரூட்டரின் போர்ட் 100 மெகாபிட் மட்டுமே தருவதாக இருந்தால் அதே வேலைக்கு ஒன்றேகால் மணி நேரமாகும். கிகாபிட்டுக்குக் கேபிளிலுள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும்; ஒன்று அறுந்தாலும் வேகம் சரிந்துவிடும். இரண்டு கணினிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டுத் தரவும் காற்றில் இருமுறை பயணிப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஒன்றையாவது கேபிளில் மாட்டுவது நல்லது.

முகவரி

ரூட்டர் தன்னோடு சேரும் கணினிகளுக்கு ஐபி முகவரியைத் தானே வழங்கும். பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். இது தனியார் வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்ட வரிசை; இணையத்தில் செல்லாது. நேரடிக் கேபிளில் முகவரி வழங்க யாரும் இல்லாததால், கணினிகள் 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தாமே எடுத்துக்கொள்ளும். விரும்பினால் 192.168.10.1, 192.168.10.2 என்று கையால் கொடுத்து, சப்நெட் மாஸ்க்கை இரண்டிலும் 255.255.255.0 என வைக்கலாம்.

ஒரு கணினியிலிருந்து மற்றதன் முகவரிக்கு அனுப்பும் பிங் கட்டளைக்குப் பதில் வந்தால் வழியும் முகவரியும் சரி. பதில் வராவிட்டால் உடனே கேபிளைக் குறை சொல்ல முடியாது, ஃபயர்வாலும் தடுத்திருக்கலாம்.

அனுமதி

பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான். விண்டோஸ் ஒவ்வொரு வலையமைப்பையும் பொது, தனிப்பட்டது என்று பிரிக்கிறது. பொது என்று குறித்துவிட்டால் பகிர்வு அடைபட்டிருக்கும். நேரடிக் கேபிள் இணைப்பை அது பெரும்பாலும் பொதுவாகவே எடுத்துக்கொள்வதால், செட்டிங்ஸில் தனிப்பட்டதாக மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்க வேண்டும். பிறகு கோப்புறையின் பண்புகளில் பகிர்வைத் தேர்ந்தெடுக்கலாம். பகிர்வுக்கு ஓர் அனுமதி, வன்வட்டுக்கு ஓர் அனுமதி என இரண்டு அடுக்குகள் உண்டு. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும்.

மற்றக் கணினியில் \\192.168.10.1 என்பதுபோல், கோப்புறை இருக்கும் கணினியின் முகவரியை முகவரிப் பட்டையில் அடித்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். கோப்புறை இருக்கும் கணினியின் கணக்கைத்தான் இங்கே தர வேண்டும். தினமும் கணினியைத் திறக்கும் பின் எண் செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கை விண்டோஸ் வலையமைப்பு வழியே உள்ளே விடாது.

இந்தப் பரிமாற்றத்தை நடத்துவது எஸ்எம்பி என்னும் நெறிமுறை. 1980களில் ஐபிஎம்மில் பிறந்தது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய சாம்பா மென்பொருள் அதை லினக்ஸ் உலகுக்குக் கொண்டுபோனது. ஆப்பிள் 2013இல் மேக் கணினிகளுக்கிடையிலான பகிர்வுக்கும் அதையே முதன்மையாக்கியது. ஆகவே இரண்டு கணினிகளும் ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு

2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்னும் தீநிரல், எஸ்எம்பியின் முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. அதை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தும் பலர் நிறுவவில்லை. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து புதிய விண்டோஸ் 10 நிறுவல்களில் முதல் பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. அதனால் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியோடு புதியது பேசாது. அதற்காக முதல் பதிப்பை மீண்டும் இயக்குவதைவிட, பென்டிரைவில் எடுத்துவருவது மேல். ரூட்டரில் எஸ்எம்பி பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடவும் கூடாது.

பகிர்வுக் கோப்புறையில் மற்றக் கணினியிலிருந்து அழிக்கும் கோப்பு பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராக அழிந்துவிடும். பார்க்க மட்டுமே வேண்டியவற்றுக்குப் படிக்கும் அனுமதியோடு நிறுத்திக்கொண்டு, எழுதும் அனுமதியைத் தனியாக ஒரு கோப்புறைக்கு மட்டும் தருவதே பாதுகாப்பான ஏற்பாடு.