மூத்தோரின் எலும்பைக் காப்போம்

சுபுஹுத் தொழுகைக்காக இருளில் எழும் நம் உம்மா, ஒளூச் செய்யுமிடத்தின் ஈரத்தரையில் வழுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. 'வயதாகிவிட்டது, என்ன செய்வது?' என்கிறோம். அன்பு வாசகர்களே, இது பெரும்பாலும் தடுக்கக்கூடியதே.

மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைவாக அடர்த்தியை இழக்கிறது. வலி தோன்றாது, பலருக்கு முறிவே முதல் அறிகுறியாகும். எனவே, 65 வயதைக் கடந்த பெண்கள் எலும்பு அடர்த்திப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்பது நலம்.

50 வயதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியன அதனைத் தரும். அச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். ஆகவே, வீட்டினுள்ளேயே இருப்போர் முற்றத்திலோ மாடியிலோ வெயில்பட நாள்தோறும் நடக்கட்டும்.

இன்றே ஒளூச் செய்யுமிடத்தில் கைப்பிடி பொருத்துங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும். வழுக்கும் விரிப்புகளை அகற்றுங்கள். நம்மைத் தூக்கி வளர்த்தவர்கள் விழாமற் காப்பது நம் கடமையன்றோ!