டிஜே மென்பொருள் காட்டும் பிபிஎம்: எவ்வளவு நம்பலாம்?

நண்பரின் ரிசப்ஷனில் நீங்கள்தான் டிஜே. லேப்டாப்பில் இரண்டு பாட்டுக்கும் 120 பிபிஎம் என்று காட்டுகிறது. சிங்க் பட்டனை அழுத்துகிறீர்கள். முதல் சில நொடிகள் சூப்பர். ஒரு நிமிடம் போனதும் இரண்டு பாட்டின் அடியும் முன்னே பின்னே விழ ஆரம்பிக்கிறது. பட்டன் மேல் தப்பில்லை. திரையில் தெரிந்த 120, மென்பொருள் போட்ட ஒரு கணிப்பு.

எப்படிக் கணிக்கிறது?

மென்பொருள் பாட்டை மில்லி நொடிக் கணக்கில் துண்டுகளாக்கி, ஒலி திடீரென எகிறும் இடங்களைக் குறித்துக்கொள்கிறது. டிரம் அடிகள் பெரும்பாலும் இதில் சிக்கிவிடும். பிறகு அவை எந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பார்க்கிறது. அரை நொடிக்கு ஒரு அடி என்றால் நிமிடத்துக்கு 120. அதுதான் பிபிஎம். கடைசியாக, முதல் அடி எங்கே என்று முடிவுசெய்து பாட்டு முழுக்கக் கோடுகள் போடுகிறது. இதுதான் பீட்கிரிட். ஆக, வேகம் ஒரு கணிப்பு, தொடக்கப் புள்ளி இன்னொரு கணிப்பு. எது தவறினாலும் சிங்க் சொதப்பும்.

வெறும் 0.1 தானே?

உண்மையான வேகம் 120.1, மென்பொருள் போட்டது 120.0 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் விலகல் 50 மில்லி நொடி. கூர்ந்து கேட்டால் இதுவே உறுத்தும். 5 நிமிடத்தில் கால் நொடி, அதாவது அரை அடி. ஒரு பாட்டின் கிக், மற்றதன் இரண்டு கிக்குகளுக்கு நடுவே விழும்.

கணினியில் உருவான ஹவுஸ், டெக்னோ பாட்டுகளில் இந்தச் சிக்கல் குறைவு. 70-கள், 80-களின் திரைப்பாடல்களில் வாத்தியக் கலைஞர்கள் சேர்ந்து வாசித்ததால் வேகம் லேசாக ஏறி இறங்கும். முழுப் பாட்டுக்கும் ஒரே எண் என்றால் கிரிட் ஒட்டாது.

70 ஏன் 140 ஆகிறது?

இரண்டு அடிகளுக்கு நடுவே வரும் ஹை-ஹேட்டையும் அடியாக எண்ணினால் வேகம் இரட்டிப்பாகும். ஹிப்-ஹாப்பில் இது சகஜம். நம்ம ஊர் குத்துப் பாட்டுகளில் பல 6/8 தாளத்தில் வருபவை. ஒரு பெரிய அடிக்குள் மூன்று சின்ன அடி இருப்பதால், மென்பொருள் குழம்பி ஒன்றரை மடங்கு வேகத்தைக்கூடக் காட்டலாம்.

‘துல்லியம்’ எந்த அளவுகோலில்?

வேகக் கணிப்பைச் சோதிக்கும் ஆய்வுகளில் 4 சதவீதம் வரை விலகினாலும் ‘சரி’ என்று ஏற்பது வழக்கம். 120 பிபிஎம் பாட்டுக்கு 115.2 முதல் 124.8 வரை எல்லாமே பாஸ்! இன்னொரு அளவுகோலில் பாதி, இரட்டிப்பு, மூன்று மடங்கு, மூன்றில் ஒரு பங்கு வேகமும் சரியான விடைதான். அடி விழும் இடத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில், 70 மில்லி நொடி முன்பின் இருந்தால் பரவாயில்லை என்பது பிரபலமான ஒரு அளவுகோல். இரண்டு பாட்டை ஒன்றாக ஓட்டும் உங்களுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. அதனால் ‘90 சதவீதத்துக்கு மேல் துல்லியம்’ என்று யாராவது சொன்னால், எதை வைத்து அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* மெட்ரோனோமை ஆன் செய்து, பாட்டின் தொடக்கம், நடு, கடைசி 30 நொடிகளைக் கேளுங்கள். வேகக் கணிப்பின் பிழை கடைசியில்தான் நன்றாகத் தெரியும்.
* வேகம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ இருந்தால், ஒரே பட்டனில் மாற்றிவிடலாம்.
* நேரடியாக வாசித்த பாட்டுகளுக்கு, ரெக்கார்ட்பாக்ஸில் ‘டைனமிக்’ முறையில் அனலைஸ் செய்யுங்கள். இலவச மென்பொருளான மிக்ஸில், வேகம் மாறாது என்று கருதும் அமைப்பை நீக்கிவிடுங்கள். டிராக்டரில் வளைந்துகொடுக்கும் கிரிட் 2024-ல் வந்த ப்ரோ 4 பதிப்பில் இருக்கிறது.
* அப்படியும் ஒட்டவில்லையா? சிங்க்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில் கேட்டுக் கையால் சரிசெய்யுங்கள்.

மொத்த லைப்ரரியையும் சரிபார்க்க நேரம் இருக்காது. அன்றைக்குக் கட்டாயம் போடப்போகும் 20 பாட்டுகளில் தொடங்குங்கள்.