வைஃபையில் எல்லாம் வருகிறது, ஆப் மட்டும் இறங்கவில்லை: கோளாறு எங்கே?

நம் உறுப்பினர்களில் பலருக்கு வீடும் கடையும் ஒரே கட்டடம். பிள்ளைகளின் படிப்புக்காக மாடியில் போட்ட பிராட்பேண்ட் இணைப்பிலேயே கீழே கல்லாவில் இருக்கும் போனும் ஓடுகிறது. இப்படிப்பட்டவர்களிடமிருந்து அடிக்கடி வரும் முறையீடு ஒன்று உண்டு. வைஃபையில் யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் வருகிறது, வங்கியின் இணையப் பக்கம்கூடத் திறக்கிறது. பிளே ஸ்டோரில் போய் ஓர் ஆப்பை இறக்கச் சொன்னால் மட்டும் ‘பெண்டிங்’ என்று போட்டுவிட்டு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மணிக்கணக்கில் காத்திருந்தாலும் நகர்வதில்லை.

புதிய போன் வாங்கிய வியாபாரிக்கு இது சின்ன விஷயம் அல்ல. யுபிஐ ஆப் இறங்காவிட்டால் மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்ப முடியாது. வங்கி ஆப் இல்லாவிட்டால் அன்றைய வரவைச் சரிபார்க்க முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இருக்கிறது. ஆப் இறங்காமல் தவிக்கும் நேரத்தில், “கவலைப்படாதீர்கள் அண்ணாச்சி, நான் ஃபைலாகவே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அதைத் தொட்டால் ஏறிவிடும்” என்று யாராவது சொல்வார்கள். ஏபிகே என்று முடியும் அந்த ஃபைலைத் தொட்டுவிட்டுக் கணக்கில் இருந்த பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில், யூடியூப் ஓடும்போது ஆப் மட்டும் ஏன் வராது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் தொழிலிலேயே இதற்கு உதாரணம் உண்டு. மதுரை கீழமாசி வீதிக் கடையில் ஆர்டர் கொடுக்கிறோம். சரக்கு அந்தக் கடையிலிருந்து வருவதில்லை. எங்கோ ஊருக்கு வெளியே இருக்கும் கிட்டங்கியிலிருந்து லாரியில் ஏறி வருகிறது. கடைக்கு வழி திறந்திருந்து, கிட்டங்கிக்குப் போகும் வழி அடைபட்டிருந்தால் ஆர்டர் ஏறும், சரக்கு வராது. பிளே ஸ்டோரும் அப்படித்தான். ஆப்புகளின் படமும் பெயரும் காட்டும் இடம் ஒன்று. ஆப்பின் ஃபைலைக் கொடுக்கும் கம்ப்யூட்டர் வேறொன்று. அதன் விலாசமும் வேறு. ஆகவே பிளே ஸ்டோர் திறக்கிறது என்பதால் வழி சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது.

சரக்கில் குறை என்றால் அது ஏற்றுமிடத்திலா, லாரியிலா, நம் கிட்டங்கியிலா என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். இங்கும் அதே முறைதான். வைஃபையை அணைத்துவிட்டு, அதே போனில் சிம் கார்டின் டேட்டாவில் அதே ஆப்பை இறக்கிப் பாருங்கள். அதிலும் இறங்கவில்லை என்றால் குற்றம் போனில். பிராட்பேண்ட்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை. இறங்கிவிட்டால், வேறொரு போனை அதே வைஃபையில் போட்டுச் சோதிக்க வேண்டும். அதிலும் இறங்காவிட்டால் குற்றம் வீட்டிலுள்ள ரவுட்டர் பெட்டியிலோ, கம்பெனியின் லைனிலோ இருக்கிறது. அதே கம்பெனியின் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டிலும் இதே தகராறு என்றால் நம் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

அவசரமாக ஆப் தேவைப்படுகிறவர், டேட்டாவில் இறக்கிக்கொண்டு அன்றைய வியாபாரத்தைப் பார்க்கலாம். பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் ‘வைஃபையில் மட்டும்’ என்று இருப்பதை ‘எந்த நெட்வொர்க்கிலும்’ என்று மாற்றினால் போதும். யுபிஐ ஆப்பைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அது பதிவாகும்போது வங்கியில் கொடுத்த எண்ணின் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். வைஃபை எத்தனை வேகமாக இருந்தாலும் அதற்கு உதவாது. கல்லாவில் பணம் வந்ததை அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ்களில் பலவற்றுக்குத் தனி சிம் உண்டு. ஆகவே அது பேசுவதை வைத்து நம் வைஃபை நன்றாக இருக்கிறது என்று நினைக்கக்கூடாது.

போனில் குற்றம் என்றால் பார்க்க வேண்டியவை சில. இடம் நிரம்பியிருக்கும். காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் அடைத்துக்கொண்ட போனில் ஆப்புக்கு ஏது இடம்? தேதியும் நேரமும் தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு ஏற்படாது. அதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும்படி வைத்துவிட வேண்டும். விபிஎன் ஆப், விளம்பரத்தைத் தடுக்கும் ஆப் ஏதாவது இருந்தால் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதன் பிறகு பிளே ஸ்டோரின் ‘கேஷ்’ என்பதை மட்டும் அழிக்கலாம். பக்கத்தில் வங்கி ஆப் இருக்கிறதே என்று அதன் டேட்டாவையும் சேர்த்து அழித்துவிட வேண்டாம்; மறுபடியும் பதிவு செய்ய நேரும். இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு அதைக் கட்டண டேட்டாவாகக் கருதி, ‘வைஃபைக்காகக் காத்திருக்கிறது’ என்று ஆப்பை நிறுத்தி வைப்பதுண்டு.

குற்றம் பெட்டியில் என்றால் அநேகமாக நான்கில் ஒன்றாக இருக்கும்.

பெயரைச் சொன்னால் விலாசம் சொல்லும் புத்தகம் போன்றது டிஎன்எஸ். எந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும் என்பதைப் போன் இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. இந்தப் புத்தகத்தில் கோளாறு இருந்தாலோ, பிள்ளைகளுக்காக யாரோ போட்ட தடுப்பு வசதி அந்த விலாசத்தையும் சேர்த்து மறைத்துவிட்டாலோ சரக்கு வராது. சோதிக்க எளிய வழி இருக்கிறது. 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற வசதி செட்டிங்ஸில் உண்டு. அதில் டிஎன்எஸ்.கூகுள் என்ற பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவில் புள்ளியுடன் கொடுத்துப் பாருங்கள். உடனே ஆப் இறங்கினால் பெட்டியின் விலாசப் புத்தகமே குற்றவாளி. பெட்டிக்குள் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற எண்ணைப் போடச் சொல்லிவிட்டு, போனில் பழையபடி வைத்துவிடலாம்.

அடுத்தது வாசல். சாதாரண இணையப் பக்கங்கள் 443 என்ற வாசல் வழியாக வருகின்றன. கூகுளின் அறிவிப்புகளும் பிளே ஸ்டோரும் 5228 என்ற வாசலையும் பயன்படுத்துகின்றன. பெட்டியின் ஃபயர்வாலை ‘ஹை’ என்று வைத்திருந்தால் முன்வாசல் திறந்திருந்து, இந்த வாசல் மூடியிருக்க வாய்ப்புண்டு. அதை நடுத்தர அளவுக்குக் குறைத்தால் போதும். அடியோடு அணைத்துவிடக் கூடாது.

மூன்றாவதுதான் பலருக்கும் பிடிபடாதது. ரயில்வே பாலத்துக்குக் கீழே போகும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் உயரத்தைவிடச் சற்று அதிகமாகச் சரக்கு ஏற்றினால் சைக்கிளும் ஆட்டோவும் போகும், லாரி மட்டும் நிற்கும். இணையத்தில் விவரங்கள் சிறு சிறு மூட்டைகளாக வருகின்றன. ஒரு மூட்டையின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து ஏறும் பிபிபிஓஇ என்ற முறையில் 8 பைட் அதற்கே போய்விடுவதால் 1492 தான் மிச்சம். பெட்டியில் இதை ஒட்டி அளவு வைக்காவிட்டால் சின்ன மூட்டைகள் வந்துவிடும். பெரிய மூட்டைகள் நின்றுவிடும். சில பக்கங்கள் திறக்கும், சில திறக்காது. ஆப் சிறிது தூரம் வந்து நின்றுவிடும். எம்டியு என்ற இடத்தில் 1492 என்று போட்டால் சரியாகிவிடும். கம்பெனி கொடுத்த பெட்டியோடு சொந்தமாக இன்னொரு ரவுட்டரையும் மாட்டியிருப்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

நான்காவது, ஐபிவி6 என்ற புதிய விலாச முறை. பெட்டி அந்த விலாசத்தைக் கொடுத்துவிடும், ஆனால் அந்த வழி சரியாகப் போய்ச் சேராது. தற்காலிகமாக அதை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் நாமே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. பெட்டியை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போடுவது யாராலும் முடியும். அதுவே சில சமயம் போதும். ஆனால் பெட்டியின் பின்னால் குண்டூசியால் அழுத்தும் ரீசெட் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் அழிந்துபோய், இருக்கிற இணையமும் நின்றுவிடும். பிறகு கம்பெனி ஆள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வரும் ஆளிடம் “நெட் சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால், ஸ்பீடு டெஸ்ட் போட்டு, “100 வருகிறது சார்” என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். வேகம் வேறு, வழி அடைபடுவது வேறு. “இரண்டு போனிலும் வைஃபையில் ஆப் இறங்கவில்லை, டேட்டாவில் இறங்குகிறது, டிஎன்எஸ்ஸையும் எம்டியுவையும் பாருங்கள்” என்று சொல்லுங்கள். அவர் முன்னாலேயே ஓர் ஆப்பை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். புகார் கொடுக்கும்போது டாக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். புகார் மையத்தில் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். 2012-ல் டிராய் வகுத்த விதிகளில் இதற்கு இடம் உண்டு.

இனி ஏபிகே விஷயம். கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும், வங்கியின் கேஒய்சி ஆப் என்றும் பெயரிட்டு இந்த ஃபைல்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. ஏற்றியவுடன் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி எண் நம் கண்ணில் படுவதற்கு முன்பே திருடன் கைக்குப் போய்விடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்பக்கூடாது. அவர் போன் ஏற்கெனவே திருடன் வசம் இருக்கலாம். கடைப் பையன்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். ஏற்றிவிட்டதாகத் தெரிந்தால் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும்.

பெட்டியைச் சரிசெய்த பிறகு யூசர்நேம், டிஎன்எஸ் எண், எம்டியு அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கணக்கு நோட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை கம்பெனி ஆள் பெட்டியை மாற்றும்போது இவை எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும்.