கிரந்தபாலரிடம் கேட்கலாமா?

நிக்டியில் என் கடைக்கு மூட்டை இறக்க வருகிற திருவண்ணாமலைக்காரர் ஒருவரின் மகள், அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். பவனா ஆற்றின் மாசு பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரி நூலகத்தில் இரண்டு மணி நேரம் அலமாரி அலமாரியாகச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தாள். "அங்கே ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாங்களே, கேட்டியா?" என்றேன். "அவங்க புத்தகத்தை எண்ணி வைக்கிறவங்க மாமா. இதுகூடத் தெரியாம எதுக்குக் காலேஜுக்கு வந்தேன்னு நினைப்பாங்க. படிப்பையே விட்டுடலாமான்னு இருக்கு" என்றாள்.

அவள்மேல் தப்பில்லை. மராத்தியில் நூலகருக்குக் 'கிரந்தபால்' என்று பெயர். துவாரபாலகரில் இருக்கிற அதே 'பால்'தான், நூலைக் காப்பவர். காவல்காரரிடம் போய் யாராவது பாடத்தில் சந்தேகம் கேட்பார்களா? படித்த வீட்டுப் பிள்ளையிடம் அப்பாவோ அத்தையோ, "போய்க் கேளு, அதுதான் அவங்க வேலை" என்று சொல்லிவிடுவார்கள். இவளுக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. 2008 முதல் 2010 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஐந்து பல்கலைக்கழகங்களில் நடந்த ஆய்விலும், மாணவர்கள் நூலகரைத் தேடிப் போவது அபூர்வம் என்றே தெரியவந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதனுக்கே அந்த வேலையின் அருமை முதலில் தெரியவில்லை. சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வகுப்புக்கே திரும்பிவிடப் பார்த்தார். இங்கிலாந்து போய், அங்கே பலதரப்பு மக்களும் நூலகங்களில் பயன்பெறுவதைப் பார்த்த பிறகுதான் மனம் மாறிற்று. 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' 1931-இல் வந்தது. புதிதாக வருகிற வாசகருக்கு நூலகத்தைப் பழக்கிவிடுவதையும் நூலகரின் கடமையாகவே அவர் வைத்தார்.

நான் மட்டும் என்ன? எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். புனே வந்த புதிதில் ஒரு பெரிய நூலகத்தின் மேஜை வரைக்கும் போய், வாய் வராமல் திரும்பியவன்தான். உ.வே.சாமிநாதையர் கல்லூரித் தமிழாசிரியராக இருந்தும், சீவக சிந்தாமணியில் புரியாத சமணச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார், 1887-இல் பதிப்பித்தார். (கேட்டது எங்கள் ஆட்களிடம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.) இதைப் படித்த பிறகுதான் எனக்குக் கூச்சம் விட்டது. அந்தப் பெண்ணிடமும் இதையே சொன்னேன்.

மறுநாள் என் கல்லாப்பெட்டி முன்னால் நின்று மராத்தியில் ரெண்டு தரம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனாள். அந்த அம்மா இவளையே திருப்பிக் கேட்டார்களாம்: ஆற்றில் எந்தப் பகுதி, எந்த வருஷங்கள், வீட்டுச் சாக்கடையா ஆலைக்கழிவா? பதில் சொல்லச் சொல்லத் தலைப்பே தெளிந்துவிட்டது. மாநகராட்சியின் சுற்றுச்சூழல் அறிக்கையும் கைக்கு வந்தது. இன்னொன்றும் கிடைத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் 2010-இல் தொடங்கிய 'என்-லிஸ்ட்' திட்டத்தில் சேர்ந்த கல்லூரி என்றால், ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களையும் மின்னூல்களையும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம். அதற்கான பாஸ்வேர்டைக் கல்லூரி வழியாகத்தான் வாங்கவேண்டும். இவள் கல்லூரியில் அதைத் தருவது நூலகம். முதல் வருஷமே கேட்டு வாங்கியிருக்கலாம். இவள் வாங்கியது மூன்றாம் வருஷத்தில்.