கடிதத்தைப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுக்காதீர்கள்

மகனின் புத்தகப்பையில் கிடந்ததை மார்க்கர் பேனா என்றே அந்தத் தாய் நினைத்தார். மூடியைத் திறந்தபோது மாம்பழ வாசம் அடித்தது. அது வேப், மின்சிகரெட். பள்ளியிலிருந்து அதற்கு முன்பே இதைப் பற்றிக் கடிதம் வந்திருந்தது. "அடுத்த கிழமை சுற்றுலா" என்று மகனே அதை வாசித்துச் சொல்ல, அம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சுவிஸில் நம் வீடுகளில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ரிக்ரொக்கிலும் ஸ்னப்சற்றிலும் புகைவளையம் விடும் பையன் பிள்ளைக்கு நண்பன் போலத் தெரிகிறான், விளம்பரக்காரனாகத் தெரிவதில்லை. பிள்ளைகள் பார்க்கக்கூடிய இடங்களில் புகையிலை விளம்பரமே கூடாது என்று 2022 பெப்ரவரி 13 அன்று 56 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அதைச் சட்டத்தில் எழுதவே நாடாளுமன்றத்துக்கு மூன்று வருடத்துக்கு மேல் பிடித்தது. ஆகவே பேர்ணிலுள்ள அரசு பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்காதீர்கள்.

கையில் இருக்கும் சட்டம் இது: 2024 ஒக்டோபர் 1 முதல் நாடு முழுவதும் 18 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட், வேப், உதட்டுக்குள் வைக்கும் ஸ்நூஸ் எதையும் விற்கக் கூடாது. இணையக் கடைக்கும் இதே விதிதான். தண்டனை விற்றவருக்கு, பிள்ளைக்கு அல்ல. ஆகவே "பொலிஸ் பிடிக்கும்" என்று பிள்ளையை வெருட்டாதீர்கள். அடிக்கவும் வேண்டாம், அடித்தால் ஒளிப்பான், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை இவை. முதலில், பொருளையும் அதன் பெட்டியையும் எறியாமல் வையுங்கள். எங்கே, எந்த இணையக் கணக்கில், என்றைக்கு வாங்கியது என்று எழுதுங்கள். விளம்பரத்தையும் விற்பனைச் செய்தியையும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து வையுங்கள். கடையைப் பற்றிய முறைப்பாடு உங்கள் மாநில அதிகாரிகளுக்குப் போக வேண்டும். பல மாநிலங்களில் அது மாநில ஆய்வுகூடம். கடைக்காரனைப் பிடிக்க உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள். சோதனைக் கொள்வனவு அதிகாரிகளின் வேலை.

அடுத்தது பள்ளி. வகுப்பாசிரியரிடம் 'சூல்சோசியால்ஆர்பைட்', அதாவது பள்ளிச் சமூகப் பணியாளர், வேண்டுமென்று கேளுங்கள். சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். தேசியத் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 0842 442 442 இருப்பதைப் பள்ளிக்கு நினைவூட்டுங்கள். அங்கேயும் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வகுப்புக்கே தடுப்புப் பாடம் எப்போது என்றும் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். யாரும் கேட்காத பள்ளியில் அது தள்ளிப்போகும்.

பிள்ளையால் விட முடியவில்லையென்றால் புகைநிறுத்த இணைப்பு 0848 000 181. உங்களிடம் பேசத் தயங்கும் பிள்ளைக்கு 147. விற்கும் ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலிருந்தும் 2.6 ராப்பன் தடுப்பு நிதிக்குப் போகிறது. ஆகவே புகைநிறுத்த உதவி யாரும் போடும் பிச்சை அல்ல.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: பள்ளியிலிருந்து கடைசியாக வந்த கடிதத்தை எடுத்து, ஜெர்மன் தெரிந்த வேறு ஒரு பெரியவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.