கல்லமேட்டு எலும்பு எங்கே போனது?

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் கண்டெடுத்த ஒரு கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். 1987இல் அந்த டைனோசருக்கு ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பெரும் உடல் படைத்த பல்லி என்று பொருள். இன்று அந்த எலும்பு எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. களிமண்ணில் நைந்துபோயிருந்த அது, துறையின் சேமிப்புக்கு வந்து சேரும் முன்பே உதிர்ந்துவிட்டது.

இதே மண்ணில் இதே துறை வேறு மாதிரியும் வேலை செய்திருக்கிறது. துறையின் புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1862இல் இங்குள்ள கிரெட்டேசியப் பாறைகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். சேகரித்த சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் செக் நாட்டவரான ஸ்டோலிச்கா கல்கத்தாவில் இருந்தபடி ஒவ்வொன்றாக விவரித்து, படத்தோடு அச்சேற்றினார். பொறுக்கியவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர். எந்தக் கிளிஞ்சல் எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு கைமாறும்போது தொலையவில்லை. அதனால்தான் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஓடைகளுக்கு இன்று போகும் மாணவரும் அந்த மூன்று பெயர்களைத்தான் சொல்கிறார்.

கல்லமேட்டு விஷயத்தில் அச்சில் இருந்தவை அளவுகளும் கோட்டோவியங்களும்தான். முதலில் ஊனுண்ணி என்றார்கள். 1995இல் தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி, நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்றார். எலும்பே இல்லை, கல்மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும் வட்டாரம் இது. ஆகவே அந்தச் சந்தேகத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

அகழ்வின்போது எடுத்த புகைப்படங்கள் இருந்தன. 2022இல்தான் அய்யாசாமி, பால் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அவற்றை வெளியிட்டார். கண்டவரிடமே தங்கிவிட்ட அறிவு 35 ஆண்டு கழித்துப் பொதுவுக்கு வந்தது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் கேட்டுப் பெற வேறு ஆள் ஏது? மறு ஆண்டே அந்த விலங்கின் எடை 100 டன்னைத் தாண்டியிருக்கலாம் என்ற மதிப்பீடு வந்தது; நீலத் திமிங்கிலத்தோடு ஒப்பிடத்தக்க கனம்.

ஆனாலும் புகைப்படத்தைச் சீவி நுண்ணோக்கியில் வைக்க முடியாது. மெல்லிய ஒரு சீவல் கையில் இருந்தால், உள்ளே தெரிவது எலும்பின் குழல்களா, மரத்தின் நார்களா என்று பார்த்துவிடலாம்.