ஒற்றைப்படை வருஷத்தில் பிறந்தவர்கள்

எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் சேர ஒரு பிள்ளை வந்து நின்றால், பெயர் கேட்பதற்கு முன்பே நான் கேட்பது, "எந்த வருஷம் பிறந்தே பாப்பா?" ஒற்றைப்படை வருஷம் என்றால் எனக்குள் ஒரு சந்தோஷம். ஸ்டாஃப் ரூமில் "என்ன மிஸ், ஜாதகம் பார்க்கிறீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். ஒரு வகையில் ஜாதகம்தான். ஆனால் எழுதியது கிரகங்கள் இல்லை, சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா.

பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கூடைப்பந்துப் போட்டி முதன்முதலில் நடந்தது நம் நாட்டில்தான்: 2009-ல், புனேவில். அதற்கு முன் ஆசியாவில் இளம் பெண்களுக்கு இருந்தது பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டி மட்டும். அது 1970-ல் சியோலில் தொடங்கியது. 2010-ல் பிரான்ஸில் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் போட்டியை ஃபிபா தொடங்கியது. அதற்கு யார் போவது என்று முடிவு செய்ய ஒரு வருஷம் முன்னால் கண்டத்துக்குள் ஒரு போட்டி வேண்டும். புனே போட்டி பிறந்த காரணம் இதுதான்.

இனி ஜாதகக் கணக்கு. புனேவில் ஆட 1993 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும். அடுத்து 2011, பிறகு 2013, 2015, 2017 என எல்லாமே ஒற்றைப்படை ஆண்டுகள். 1993-ல் பிறந்தவள் முழுப் பதினாறில் ஆடினாள். 1994-ல் பிறந்தவள் பதினைந்தில், தன்னைவிட மூத்தவர்களோடு மோத வேண்டும். அடுத்த முறைக்குள் அவளுக்குப் பதினேழு ஆகிவிடும், கதவு மூடிவிடும். பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவே உடம்பு எவ்வளவு மாறும் என்பது பெண்பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

புனேவில் கோப்பை சீனாவுக்கு. உயரம், உடல்பலம், சின்ன வயதிலேயே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து வளர்க்கும் விளையாட்டுப் பள்ளிகள் என்று எல்லாம் அவர்களிடம் இருந்தன. ஆனால் 2011-ல் சீனாவின் சொந்த மண்ணிலேயே, ஜினான் நகரில், ஜப்பான் கோப்பையைத் தட்டிப் பறித்தது. அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாம் உலகப் போட்டியில் அந்த ஜப்பான் நான்காவது இடம் பிடித்தது. 2013-ல் கொழும்பிலும் 2015-ல் இந்தோனேசியாவின் மேடானிலும் மறுபடி சீனா.

2017 அக்டோபரில் போட்டி பெங்களூருக்கு வந்தபோது ஆட்டமே மாறிவிட்டது. ஆசியாவையும் ஓசியானியாவையும் ஒரே களத்தில் இணைத்ததால் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உள்ளே வந்தன. முந்தைய ஆண்டு ஸ்பெயினின் ஸரகோஸாவில் பதினேழு வயதுக்குட்பட்ட உலகக் கோப்பையை வென்ற நாடு ஆஸ்திரேலியா. அரையிறுதியில் அமெரிக்காவையே வீழ்த்தியவர்கள். இந்தப் போட்டியில் கால் வைத்த முதல் முறையே கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் போட்டியைப் பார்க்க நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் போனேன். கண்டீரவா உள்ளரங்கில் ஜப்பான் பிள்ளைகள் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தார்கள். லே-அப் போட்டவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருகிறவள் பந்தைத் தரையில் விழ விடாமல் பிடித்து, அடுத்தவளுக்குத் தள்ளிவிட்டு ஓடினாள். என் பிள்ளைகளில் ஒருத்தி எண்ண ஆரம்பித்தாள். நாற்பதைத் தாண்டியும் பந்து தரையில் படவில்லை. "மிஸ், இவங்க நம்மளவிட ஒண்ணும் உயரம் இல்லையே" என்றாள். அதைச் சொல்ல வைக்கத்தான் அவ்வளவு தூரம் கூட்டிப்போனேன்.

இன்னொருத்தி கவனித்தது பந்தை. பெண்கள் ஆடுவது ஆறாம் எண் பந்து. ஆண்களுடைய ஏழாம் எண்ணைவிடச் சுற்றளவிலும் எடையிலும் குறைவு. எங்கள் பள்ளியில் அன்றைக்கு இருந்ததெல்லாம் பையன்களுக்கு வாங்கிய ஏழாம் எண் பந்துகள். அதிலேயே பழகிய பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் ஆறாம் எண்ணைத் தொட்டதும் ஃப்ரீ த்ரோ எல்லாம் வளையத்தைத் தாண்டிப் போகும். ஊர் திரும்பியதும் என் காசில் இரண்டு ஆறாம் எண் பந்து வாங்கினேன்.

பெங்களூருப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் பிரிவில் ஆடி, அதன் கோப்பையை வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தார்கள்.

அதன் பிறகு நீண்ட இடைவெளி. 2019-ல் வர வேண்டிய போட்டி தள்ளிப்போய், கொரோனாவும் சேர்ந்துகொண்டு, நடக்காமலே போனது. அடுத்தது 2022-ல் ஜோர்டானின் அம்மானில்தான். கோப்பை மறுபடி ஆஸ்திரேலியாவுக்கு. ஆனால் அங்கே ஆட 2005-ல் அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும். அதனால் 2003, 2004-ல் பிறந்த பிள்ளைகளுக்கு அவர்களுடைய முறை வரவே இல்லை. என்னோடு பெங்களூரு வந்த நால்வரில் இருவர் 2003-ல் பிறந்தவர்கள். அவர்கள் இந்திய அணிக்குப் போயிருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாடு முழுக்க அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு முட்டி மோதிப் பார்க்க ஒரு கதவுகூட இல்லை.

தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் பெண்கள் வெள்ளி வென்றபோது எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஜினானில் பதினாறு வயதுப் பிள்ளைகள் சீனாவைத் தாண்டியதை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அது அவ்வளவு பெரிய ஆச்சரியம் இல்லை. ஜப்பானில் ஒரு பெண் பந்தை இறுகப் பிடிக்கிற அதே வயதில்தான், நம் வீடுகளில் "பப்ளிக் எக்ஸாம் வருது" என்று பந்தை வாங்கி வைத்துவிடுகிறோம்.

அம்மானிலேயே 2023-ல் ஒரு போட்டி, 2025-ல் மலேசியாவின் சிரம்பானில் இன்னொன்று என்று பழைய ஒற்றைப்படை வரிசை திரும்பிவிட்டது. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2027. 2011-ல் பிறந்த பெண் உங்கள் வீட்டில் இருந்தால், பத்தாவதோ பதினொன்றாவதோ படிப்பாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் அவளைக் கிரவுண்டுக்கு அனுப்பிவையுங்கள். பந்து ஆறாம் எண்தானா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.